பேர் போன சத்தங்கள்

அந்த வீட்டில் ‘புது’ என்ற சொல்லுக்கு வயதே ஆவதில்லை. கைப்பிடி போய்க் கயிறு கட்டின பக்கெட்டுக்கு இன்றைக்கும் பெயர் புது பக்கெட். மாமனாரின் தங்கை கணவருக்குத் தலை முழுக்க வழுக்கை விழுந்து பேரப்பிள்ளையும் பிறந்தாயிற்று, அவர் வருகிறார் என்றால் மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: “புது மாப்பிள்ளை வர்றாராம், எல்லாரும் சட்டையைப் போடுங்க!” ஒரு பொருளோ ஆளோ வாசல் தாண்டி உள்ளே வந்த அன்று வைத்த பெயர்தான், கடைசிவரைக்கும். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும், உங்கள் பிழைப்பு அந்த வீட்டுக்குள் மாட்டிக்கொள்ளாதவரை.

மருமகளின் பிழைப்பு மாட்டிக்கொண்டது ஒரு சனிக்கிழமை காலையில்.

அவள் தொழில் சத்தம். வானொலி நாடகங்களுக்கும் குழந்தைகள் கேட்கும் தொடர்களுக்கும் வேண்டிய சத்தங்களைச் செய்து கொடுப்பவள். ஸ்டூடியோவில் அவளுக்குச் சத்தக்காரி என்றே பெயர். அந்தத் தொழிலில் ஒரு குறும்பு உண்டு: எதுவும் அதுவாக இருக்காது. பனியில் நடப்பது, சோள மாவுப் பையைப் பிசைவது. தீ எரிவது, பிஸ்கட் காகிதத்தைக் கசக்குவது. யானை நடப்பது, மாமியார் ஈரப் போர்வையைத் தொப்பென்று தரையில் போடுவது. சேற்றுக்குள்ளிருந்து பூதம் ஒன்று எழுந்து வருகிறதே, அது அவள் கணவன் டீ குடிப்பது. இது அவனுக்குத் தெரியாது. எதுவுமே யாருக்கும் தெரியாது. பின்னறைச் சுவரெல்லாம் பஞ்சை ஒட்டி, அதற்குள் உட்கார்ந்துகொண்டு, வீட்டின் சத்தங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடி ஒரு டிஸ்கில் சேர்த்து வைத்திருந்தாள்.

அதில் முக்கியமான திருட்டு, கரடி.

ஞாயிறு தோறும் ஒலிபரப்பாகும் குழந்தைகள் தொடர் ஒன்றில் ஒரு கரடி வரும். அது பேசாது. குகைக்குள் படுத்து மூச்சு விடும், உறுமும், தூங்கும், தூக்கத்தில் சண்டை போடும். அவ்வளவுதான் வேலை, ஆனால் பிள்ளைகள் கதாநாயகனை விட்டுவிட்டுக் கரடிக்குத்தான் கடிதம் எழுதினார்கள். அந்தக் கரடி, மாமனாரின் குறட்டை. ஒருநாள் மதியம் மைக்கைக் கதவிடுக்கில் நீட்டி எடுத்தது. அதில் எந்த வேலையும் செய்யவில்லை. செய்யத் தேவையே இருக்கவில்லை.

மாமனார் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் பம்புகளை மேய்த்து ஓய்வு பெற்றவர். தனக்குக் குறட்டை கிடையாது என்பதில் உறுதியான மனிதர். ஊரே கூடிச் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். மூன்று மாதம் முன்பு மருத்துவர், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று சொல்லி, முகமூடி வைத்த ஒரு மெஷினைக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு தூங்குகிறார். சத்தமே இல்லை. அப்போதும் அவர் சொல்வது இதுதான்: “டாக்டர் மூச்சுன்னுதான் சொன்னார். குறட்டைன்னு ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லல.”

மெஷின் வந்த நாளிலிருந்து மாமியாருக்குத் தூக்கம் போயிற்று. தலையணையை மாற்றினாள். மெத்தையைத் திருப்பிப் போட்டாள். கட்டிலைத் தள்ளிப் போட்டாள். கண் மட்டும் மூடவில்லை. மாமனாருக்குக் கொண்டாட்டம். “என்னாலதான் தூக்கம் கெடுதுன்னு காலமெல்லாம் புகார் சொன்னியே. இப்ப யாரால கெடுதாம்?” என்பார். பாவம், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கொஞ்சம் கண்ணயர்வாள், அதுவும் மருமகளின் தொடரைக் கேட்கும்போது. “கோவிச்சுக்காதம்மா, உன் தொடர் ரொம்ப போர்” என்று அவளிடமே சொல்லவும் சொல்லியிருக்கிறாள்.

சனிக்கிழமைக்கு வருவோம். அன்று சாயங்காலத்துக்குள் தொடரின் கடைசிப் பகுதிக்குச் சத்தம் கொடுத்தாக வேண்டும். கடைசிக் காட்சியில் வசனமே கிடையாது. கரடி தூங்குகிறது, அவ்வளவுதான். அதைக் கேட்டு எல்லாப் பிள்ளைகளும் அழ வேண்டும் என்பது இயக்குநர் அம்மாளின் ஆசை. டிஸ்க் நிரம்பி வழிந்ததால், முதல்நாள் இன்னொன்று வாங்கி வந்திருந்தாள். கணவனிடம் அதைச் சொன்னதுதான் அவள் செய்த பிழை.

அவன் பள்ளியில் கணக்கு வாத்தியார். ‘தெரியாது’ என்ற சொல் அவன் வாயில் வந்ததை யாரும் கேட்டதில்லை.

“குளோனிங் தானே? ஒண்ணுல இருக்கிறதை அப்படியே இன்னொண்ணுக்கு நகலெடுக்கிறது. நீ போய்க் குளி. வர்றதுக்குள்ள முடிச்சு வைக்கிறேன்.”

“பழசுல இருந்து புதுசுக்குங்க. மறந்துடாதீங்க.”

“நான் என்ன சின்னப் பிள்ளையா?”

மேசைமேல் இரண்டு டிஸ்க், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றில் ஒன்றும் எழுதவில்லை. இன்னொன்றின் முதுகில் மாமனாரின் குண்டு எழுத்தில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது: ‘புதுசு’. அது வாங்கின அன்று அவர் ஒட்டியது. வாங்கி எத்தனையோ வருடம் ஆயிற்று. அவள் சேர்த்த சத்தமெல்லாம் அதற்குள்தான் இருந்தது. வாத்தியார் காகிதத்தைப் படித்தார். படித்த மனிதர் அல்லவா, எழுத்தை நம்பினார். ‘இந்த டிஸ்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா?’ என்று கணினி கேட்டது. கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு வேகமாகச் சம்மதம் சொன்னதில்லை அவன்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது கைகட்டி நின்றுகொண்டிருந்தான்.

“முடிஞ்சிருச்சு! நீ சோப்பு போட்டு முடிக்கிறதுக்குள்ள. என்ன வேகம் தெரியுமா!”

அவ்வளவு சத்தத்தையும் நகலெடுக்க அரை நாளாவது ஆக வேண்டும். துண்டோடு உட்கார்ந்து இரண்டு டிஸ்க்கையும் திறந்து பார்த்தாள். துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தன.

“பார்த்தியா, ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு போல இருக்கு” என்றான் அவன் பெருமையாக.

அடுத்த கால் மணி நேரம் அந்த அறையில் நடந்ததை எழுத வேண்டாம். பஞ்சு ஒட்டின சுவர் என்பதால் வெளியே கேட்கவில்லை, வாத்தியாரின் மானம் தப்பியது.

தெருமுனையில் கணினி பழுது பார்க்கும் கடை ஒன்று உண்டு. அதை நடத்துகிற பெண் டிஸ்கைச் செருகிப் பார்த்தாள், கதையைக் கேட்டாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

“அக்கா, பயப்படாதீங்க. சார் ஒண்ணுமில்லாததைக் காப்பி பண்ணியிருக்கார். ஒண்ணுமில்லாததுக்கு எடமும் அதிகம் வேணாம் பாருங்க. மேலாப்புலதான் அழிஞ்சிருக்கு. உள்ள எல்லாம் அப்படியே இருக்கு.”

“அப்ப கிடைச்சிடுமா?”

“கிடைக்கும். ஆனா பேர் கிடைக்காது. ஊர்ல இருக்கிற வீட்டுக் கதவு நம்பரை எல்லாம் துடைச்சிட்ட மாதிரி வச்சுக்கோங்க. ஆளுங்க உள்ளதான் இருக்காங்க. யார் எங்கன்னு கதவைத் தட்டித்தான் பார்க்கணும்.”

மீட்டுக் கொடுத்தாள், தெய்வம். மதியச் சாப்பாட்டு வேளைக்கு நாலாயிரத்துச் சொச்சம் சத்தங்கள் வீடு திரும்பின. இடிக்கு இடி என்று பேரில்லை, மழைக்கு மழை என்று பேரில்லை. எல்லாம் வெறும் எண்கள். அவற்றில் ஏதோ ஒன்று கரடி.

அவள் இயக்குநர் அம்மாளுக்குப் போன் செய்தாள். அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“பழைய பகுதியில இருந்து எடுக்கலாம்னா, கரடிமேல பாட்டும் வசனமும் ஏறிக் கிடக்கு. சாயங்காலம் வரைக்கும் பார்க்கிறேன். இல்லேன்னா வேற எங்கேயாவது ஒரு உறுமலை வாங்கிப் போட்டுடுவேன். ஆனா அது நம்ம கரடி இல்லேன்னு பிள்ளைங்க ஒரு நொடியில கண்டுபிடிச்சிடும்மா. அதுக்கப்புறம் அடுத்த தொடருக்கு உன் பேரைச் சொல்ல எனக்கு வாய் வராது.”

கணவன் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவன், குற்ற உணர்ச்சி தாங்காமல் போனைப் பிடுங்கித் தானே ஒரு உறுமு உறுமினான்.

“யாரு அது? தொண்டை கட்டின வாத்தியார் மாதிரி இருக்கு” என்றாள் அம்மாள். அவன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஒருத்தி இரண்டு காதால் நாலாயிரம் சத்தத்தைக் கேட்டு முடிப்பதற்குள் சாயங்காலம் என்ன, அடுத்த சனிக்கிழமையே வந்துவிடும். வேறு வழியில்லை, குடும்பத்தையே கூடத்தில் உட்கார வைத்தாள். ஆளுக்கொரு பங்கு. கணவனுக்கு அவன் மடிக்கணினி, மாமியாருக்குக் கைப்பேசி, தனக்கு மூலையில் காதை மூடுகிற ஹெட்போன். மாமனாருக்குப் பெரிய ஸ்பீக்கர். காதில் எதையும் மாட்டிக்கொள்ள மாட்டார், முகத்தில் மாட்டுவதே போதுமாம். வேலை என்றதும் மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. மெஷின், மிருகம், தண்ணீர், மற்றவை என்று நாலு பிரிவு போட்டார். யார் எதைக் கேட்டாலும் அதில் தள்ள வேண்டும்.

“கரடியைக் கண்டா உடனே சொல்லுங்க. அந்தத் தொடர்லயே நடிக்கத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்” என்றார் மாமனார். “என்ன ஒரு கம்பீரம்! எங்கே இருந்தும்மா புடிச்ச?”

“காட்டுல மாமா” என்றாள் அவள்.

அவளுக்கு இப்போது இரண்டு பயம். கரடி கிடைக்காமல் போய்விடுமோ என்பது ஒன்று. இவர் கையில் கிடைத்துவிடுமோ என்பது இன்னொன்று. திருடின பொருளைத் தேட, பறிகொடுத்தவரையே துணைக்குக் கூப்பிட்டவள் நிலைமை.

முதலில் வெளிப்பட்ட குட்டு வாத்தியாருடையது.

“என்ன கருமம் இது? சாக்கடை அடைச்சுக்கிச்சா?”

“மிருகத்துல போடுங்க” என்றாள் அவசரமாக. “சேத்துப் பூதம்.”

மாமியார் தலையைக்கூடத் தூக்கவில்லை. “டேய், அது நீ டீ குடிக்கிறதுடா.”

அவன் திரும்பவும் போட்டுக் கேட்டான். மூன்றாம் முறையும் கேட்டான். பிறகு கையிலிருந்த டம்ளரை மெல்லக் கீழே வைத்தான். அன்று முழுக்க அவன் டீ குடிக்கவில்லை.

மாமியாரோடு இதுதான் சிக்கல். அவளுக்குச் சத்தம் என்றால் அது எந்தச் சத்தமோ அதுதான். யானையைக் கேட்டுவிட்டு, “ஐயோ, என் பச்சைப் போர்வை!” என்றாள். கோட்டைக் கதவு திறப்பதைக் கேட்டு, “இந்த அலமாரிக்கு எண்ணெய் போடச் சொன்னேனே” என்றாள். பாறை பிளப்பதைக் கேட்டு, “இது உங்கப்பா முழங்கால்” என்றாள். திடீரென்று கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“ஏம்மா, இது என் தும்மலா?”

ஒளித்துப் பயனில்லை. “பீரங்கி அத்தை. போர்க் காட்சிக்குப் போட்டேன்.”

“பீரங்கியா!” மாமியாரின் முகத்தில் வெட்கம் ஓடியது, அதன் பின்னாலேயே பெருமை. “அதுல எத்தனை பேர் செத்தாங்க?”

“கோட்டையே போச்சு அத்தை.”

“கேட்டீங்களா? நான் தும்மினா கோட்டை போகுதாம்!” என்று கணவரைப் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகு வீடு அடங்கவில்லை. யார் எதைக் கேட்டாலும் எல்லாரும் ஓடிப்போய்க் கூடி நின்று கேட்டார்கள். வாத்தியார் தேர்வுத் தாள் திருத்தும்போது விடுகிற பெருமூச்சு, பாலைவனக் காற்றாக இருந்தது. வெளியூரில் இருக்கிற அவன் தம்பி லீவுக்கு வந்தபோது படியில் உருண்டது, குதிரைப்படை. மருமகளுக்கு மூலையில் உட்கார்ந்து அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இவர்களுக்குக் கோபம் வரும் என்றல்லவா இத்தனை நாள் ஒளித்தாள்? தங்கள் சத்தம் எதுவாக ஆயிற்று என்று தெரிந்துகொள்வதில் இவர்கள் அடித்துக்கொண்டார்கள்.

மாமனார் மட்டும் முகம் வாடிப் போனார். “முழங்காலைத் தவிர என்னோடது எதுவுமே இல்லையா?” என்று பொதுவாகக் கேட்டார். அவள் ஹெட்போனை இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

வெயில் சாய்ந்தது. மிருகப் பிரிவில் வந்து விழுந்ததையெல்லாம் அவள் கேட்டு முடித்துவிட்டாள். நாய் இருந்தது, நாற்காலியால் செய்த சிங்கம் இருந்தது, கரடி இல்லை. காது மரத்துப் போயிற்று. கைப்பேசியில் இயக்குநர் அம்மாளின் செய்தி வந்தது: ‘ஆரம்பிக்கப் போறோம். என்ன செய்யட்டும்?’ அவளுக்குக் கண் கலங்கியது. இந்தத் தொடர் ஒன்றுதான் அவள் முழுக்கத் தன் கையால் செய்தது. பேசாமல் மாமனாரிடம் உண்மையைச் சொல்லி, காலில் விழுந்து, மெஷினைக் கழற்றிவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடச் சொல்லலாமா? மருத்துவர் கூடவே கூடாது என்றிருக்கிறார். கரடிக்காக மாமனாரின் மூச்சோடு விளையாட முடியாது. வேறு உறுமலே போட்டுக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்று எழுதத் தொடங்கினாள்.

எழுதிக்கொண்டே நிமிர்ந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே நாற்காலியில் மாமியார் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தாள். கைப்பேசி மடியில் விழுந்திருந்தது. வாய் பாதி திறந்திருந்தது.

“அத்தை!”

ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றாள்.

கூடம் முழுக்கக் கரடி.

பெரிய ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாமனாரும் மகனும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். “மிருகம்ப்பா, நம்ம கரடி மாதிரியே இருக்கே!” என்றான் மகன்.

“போடா. காலமெல்லாம் பம்போட வாழ்ந்தவன்கிட்ட சொல்றான். தொடர்ல பாட்டோட வர்ற கரடி வேற. இது மோட்டார். பேரிங் தேஞ்சு போச்சு. நடுவுல ஒரு நிறுத்தம் வருது பார், அங்கே காத்து வாங்குது. இதை உடனே நிறுத்தணும், இல்ல எரிஞ்சிடும். அப்பவே மெஷின்ல தள்ளிட்டேன், உனக்குக் காட்டத்தான் திரும்ப எடுத்தேன்.”

“மாமா, நிறுத்துங்க! அத்தைக்கு என்னமோ ஆச்சு!” என்று கத்தினாள்.

அவர் பதறி நிறுத்தினார். கூடம் அமைதியானது. மாமியார் கண்ணைத் திறந்தாள்.

“என்ன? ஏன் எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கறீங்க?”

“நீ தூங்கிட்ட” என்றார் மாமனார்.

“நானா? நான் எங்கே தூங்கினேன்? எனக்குத்தான் தூக்கமே…”

மாமனார் ஒரு நிமிடம் மனைவியைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார். எந்தக் கோளாறையும் நிறுத்திப் போட்டு, நிறுத்திப் போட்டுக் கண்டுபிடித்த மனிதர். விரலை நீட்டி மறுபடியும் ஓடவிட்டார். மாமியாரின் பேச்சு பாதியில் நின்றது. தலை தானாகச் சாய்ந்தது. நிறுத்தினார். விழித்தாள். “என்ன விளையாட்டு இது?” என்றாள். ஓடவிட்டார். சாய்ந்தாள்.

“அதான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தூங்கிடறாங்க!” என்று வாத்தியார் தொடையில் தட்டினான். “தொடர் போர் இல்ல! கரடி வந்ததும்…” அவனுக்கே மீதி புரிந்துவிட்டது. அப்பாவைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். அந்த வாய் தானாக மூடியது அன்றைக்குத்தான்.

“இது மோட்டார் இல்ல” என்றார் மாமனார் மெதுவாக.

“இல்ல மாமா. கரடி. உங்களைக் கேட்காம எடுத்துட்டேன். தப்புதான்.”

“நம்ம கரடியா?”

“நம்ம கரடிதான்.”

“மொத எபிசோட்ல இருந்தா?”

“மொதல்ல இருந்தே நீங்கதான் மாமா.”

அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. ஸ்பீக்கரில் கரடி மூச்சை இழுத்தது, நிறுத்தியது, கூடமே காத்திருந்தது, பிறகு கம்பீரமாக விட்டது.

“அந்தப் பிள்ளைங்க கடிதம் எல்லாம்…” என்றார் மாமனார்.

“உங்களுக்குத்தான்.”

அவர் முதலில் சட்டைக் காலரைச் சரிசெய்தார். அப்புறம் சிரிப்பு வந்தது. சத்தமில்லாமல், தோளெல்லாம் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. மகனும் சேர்ந்துகொண்டான். இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டார்கள், மாமியார் விழித்துவிடக் கூடாதே என்று. மருமகள் சிரித்துக்கொண்டே, அழுதுகொண்டே, இயக்குநர் அம்மாளுக்குத் தட்டச்சு செய்தாள்: ‘கரடி வருது. நிறுத்தி வைங்க.’

கோப்பை அனுப்பி முடித்தபோது அவர் அவள் பின்னால் வந்து நின்றார்.

“ஏம்மா, ரெண்டு காப்பி எடு. ஒண்ணு உன் வேலைக்கு. ஒண்ணு இவளுக்கு. படுக்கப் போகும்போது பக்கத்துல வச்சு ஓடவிடலாம்.” மகன் உதவிக்கு எழுந்தான். “நீ உட்காரு. நீ எதையும் தொடாதே.”

அவள் எடுத்தாள். எதிலிருந்து எதற்கு என்று மூன்று முறை பார்த்துவிட்டு எடுத்தாள். முதல் பிரதிக்குக் ‘கரடி’ என்று பழைய பெயரையே கொடுத்தாள். இரண்டாவதில் விரல் நின்றது.

“அத்தையோடதுக்கு என்ன பேர் போட மாமா?”

அவர் நாற்காலியைப் பார்த்தார். மூன்று மாதத் தூக்கத்தையும் ஒரே மூச்சில் தூங்குகிறவள் மாதிரி, மாமியார் அசையாமல் கிடந்தாள். மாமனார் குனிந்து, யாருக்கும் கேட்டுவிடாமல் மருமகளின் காதருகே சொன்னார்:

“குறட்டைன்னே போடும்மா.”